அறுபத்திரண்டு பர்சன்டைல்

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு முடிவு வந்தபோது நான் ஆலையில் இருந்தேன். காரிமங்கலத்தைத் தாண்டி, கிருஷ்ணகிரி போகும் சாலையை ஒட்டிய மாங்கூழ் ஆலை அது. ஊரில் ஜூஸ் கம்பெனி என்பார்கள். பொறியியல் முடித்த கையோடு பழம் கொள்முதல் பிரிவில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அது ஜனவரி மாதம். மாங்காய் கிடையாது. இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொதிகலனின் ஓரமாகப் போய் நின்று போனைத் திறந்தேன்.

அறுபத்திரண்டு பர்சன்டைல்.

இது இரண்டாவது முயற்சி. முந்தைய வருடம் அதைவிடக் குறைவு. அப்போது வேலைக்கு நடுவே படித்ததால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த முறை அப்படிச் சொல்ல வழியில்லை. விடிவதற்கு முன் எழுந்து படித்திருந்தேன். பஸ்ஸில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மாதிரித் தேர்வுகள் எழுதினேன். கணக்குகள் எனக்குத் தெரியாமல் இல்லை. கடிகாரம் ஓட ஆரம்பித்தால் கை நின்றுவிடும். ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு முடித்து நிமிர்ந்தால், மற்றவர்கள் மூன்று கணக்கு போட்டிருக்கும் நேரம் போயிருக்கும்.

மேலாண்மை படிக்க வேண்டும் என்ற ஆசை ஆலைக்கு வந்த பிறகுதான் எனக்கு வந்தது. முக்கியமான முடிவுகளெல்லாம் மாடியில் இருந்த குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்டன. கீழே எடைமேடை அருகில் நிற்கும் எங்களுக்கு அவை உத்தரவாக வந்து சேரும். சில உத்தரவுகள் நன்றாக இருக்கும். சிலவற்றைப் படித்தால், இதை எழுதியவர் லாரியில் மாங்காய் எப்படி ஏறுகிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா என்று தோன்றும். அந்த அறைக்குள் போய் உட்கார வேண்டும், போகும்போது பேசத் தெரிந்தவளாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா விவசாயி. மானாவாரி நிலம். கடலையும் ராகியும் போடுவார், கொஞ்சம் மாமரங்களும் உண்டு.

"எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"இது மார்க்கு இல்லீங்கப்பா. நூறு பேரு எழுதினா அறுபத்திரண்டு பேரு எனக்குக் கீழ இருக்காங்கன்னு அர்த்தம்."

"அறுபத்திரண்டு பேரைத் தாண்டிட்டியா? அப்பறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருக்கற?"

"மிச்சம் பேரு எனக்கு மேல இருக்காங்கப்பா. நான் கேக்கற காலேஜுல நூறுக்கு ரெண்டு மூணு பேரைத்தான் எடுப்பாங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவர் பொய்யாக ஆறுதல் சொல்லாதது எனக்கு ஏதோ ஒரு விதத்தில் தெம்பாக இருந்தது.

நான் ஆன்லைனில் பயிற்சி எடுத்த நிலையத்தில் ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். மறுநாள் அவருக்குப் போன் செய்தேன். மதிப்பெண்ணைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "பக்கத்துல ஏதாவது சின்ன காலேஜா பாருங்க மேடம். பெரிய எடத்துக்கெல்லாம் அப்ளை பண்ணி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் ஆசைப்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை ஒரு எல்லைக்கோடு வைத்திருந்தன. அதற்குக் கீழே இருப்பவர்களின் விண்ணப்பத்தை அவை திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அப்படி இல்லை என்று என் தோழிதான் கண்டுபிடித்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, செருப்புக்கடை. படிப்பு முடிந்ததும் அவள் கடைக்கே வந்து, இணையத்தில் விற்கும் வேலையைத் தனியாகத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தாள். எதையும் சும்மா நம்பிவிட மாட்டாள். ஒவ்வொரு கல்லூரியின் இணையப் பக்கத்தையும் கடைசி வரி வரை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நாலஞ்சு காலேஜு கட்ஆஃப் எதுவும் போடலடி. வேலை அனுபவம், கட்டுரை, இன்டர்வியூ எல்லாத்தையும் சேத்துப் பாப்போம்னு போட்டிருக்கான்."

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. கடைசில மார்க்கைத்தான் பாப்பாங்க."

"அது அவங்க வேலை. அப்ளை பண்றது உன் வேலை. சனிக்கிழமை கடைக்கு வா."

சனிக்கிழமை போனேன். கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். வருடத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் சேர முடியாமல் திரும்பும் கல்லூரிக்கு அங்கே உட்கார்ந்து கட்டுரை எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. முன்கூட்டியே ஒன்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவள் வாசித்தாள். முதல் பத்தியிலேயே நிறுத்தினாள்.

"தேர்வன்னிக்குக் காய்ச்சலா இருந்துச்சா உனக்கு?"

"லேசா இருந்துச்சு."

"நெசமா காய்ச்சலாலதான் மார்க்கு போச்சா?"

"இல்ல."

"அப்ப எடுத்துரு. ரெண்டு தடவை எழுதியிருக்க, ரெண்டு தடவையும் கம்மி. ரெண்டு தடவையும் காய்ச்சலான்னு கேட்டா என்னா சொல்லுவ?"

அந்தப் பத்தியை அடித்துவிட்டாள். மீதியையும் வாசித்தாள். குழுவாக வேலை செய்வேன், தலைமைப் பண்பு உண்டு, கடின உழைப்பாளி என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவள் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதுல நீ எங்கயுமே இல்ல. கம்பெனியில நீ தெனமும் என்னா பண்ற, அதைச் சொல்லு" என்றாள்.

அப்போதுதான் லாரி வரிசையின் கதையைச் சொன்னேன். நான் சேர்ந்த முதல் சீசனில் ஆலை வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை லாரிகளும் டிராக்டர்களும் நிற்கும். எல்லாம் பெங்களூரா ரக மாங்காய். வெயிலில் நின்றால் அடியில் இருக்கும் காய் வெந்துவிடும். உள்ளே வரும்போது அழுகலுக்கென்று விலையைக் குறைப்போம். காத்திருக்க வைத்ததும் நாங்கள், விலையைக் குறைத்ததும் நாங்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி ஒரு நாள் பாதி லோடு மாங்காயை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

எடைமேடை போதவில்லை, இன்னொன்று போட வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முழுநாள் நின்று ஒவ்வொரு வண்டியும் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தேன். எடைமேடையில் நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. காயின் தரம் பார்க்கும் இடத்தில்தான் எல்லாம் தேங்குகிறது. மேலாளரிடம் போய், தரம் பார்க்கிறவர்களை உள்ளே உட்கார வைக்காமல் வரிசைக்கே அனுப்பலாமா என்று கேட்டேன். வண்டி நிற்கிற இடத்திலேயே காயைப் பார்த்துச் சீட்டு ஒட்டிவிட்டால் உள்ளே வந்ததும் நேராக எடை போட்டு இறக்கலாம். அதோடு, எந்த ஊர் வண்டி எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று முந்தைய நாளே போனில் சொல்லிவிடலாம். மேலாளர் ஒரே ஒரு நாள் செய்து பார்க்கச் சொன்னார். அன்று மத்தியானத்துக்குள் சாலை காலியாகிவிட்டது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

தோழி கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "இதை ஏண்டி எழுதல?" என்றாள்.

"இது மாங்காக் கதை. அவங்க காலேஜுக்கு இது எதுக்கு?"

"எழுது. இப்பவே எழுது. நான் டீ சொல்றேன்."

புதிதாக எழுதினேன். முதல் வரியிலேயே மதிப்பெண்ணை வைத்தேன். தேர்வை இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் குறைவாகத்தான் வந்தது, நேரத்துக்குள் வேகமாகக் கணக்குப் போட எனக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு, வரிசையின் கதைக்குப் போனேன். எண்கள் என்றால் பயந்து ஓடுகிறவள் இல்லை என்று காட்ட என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்தோம். இணையத்தில் ஒரு புள்ளியியல் பாடம் இருந்தது, இறுதித் தேர்வோடு. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் அதை முடித்து நல்ல தரத்தோடு சான்றிதழ் வாங்கி இணைத்தேன். அந்தத் தேர்வில் கடிகாரம் அவ்வளவு விரட்டவில்லை.

பரிந்துரைக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டபோது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வேலைய வுட்டுட்டுப் போறதுக்கு நானே கடிதம் எழுதணுமா?" என்றார். ஆனாலும் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை.

பிறகு பதில்கள் வர ஆரம்பித்தன. முதல் கல்லூரி நன்றி தெரிவித்து மறுத்தது. இரண்டாவது, அதே வாக்கியங்களை வேறு வரிசையில் போட்டு மறுத்தது. மூன்றாவதின் பதில், நான் காரிமங்கலம் வாரச் சந்தையில் அம்மாவோடு தக்காளி வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அம்மா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"இதுவும் இல்லியா?"

"இல்லம்மா."

"இன்னும் எத்தனை பாக்கி?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு இருக்குதில்ல" என்றவள் தக்காளிக்காரரிடம், "அந்தக் காயி வேணாங்க, இதைப் போடுங்க" என்று வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

நான்காவது கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. மகாராஷ்டிரத்தில் இருக்கும் கல்லூரி. நான் விண்ணப்பித்தவற்றிலேயே அதுதான் பெரியது. மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டதோ என்று மேலே பெயரையும் சரிபார்த்தேன். நேர்காணல் பெங்களூரில் ஒரு ஓட்டலில். தோழி கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஒத்திகை பார்த்தோம். அவள் கேள்வி கேட்பவள், நான் பதில் சொல்பவள். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் அத்திப்பள்ளி வரை கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "நல்லாச் சொல்ற கண்ணு. கொஞ்சம் மெதுவாச் சொல்லு" என்றார்.

காத்திருந்த கூடத்தில் மற்றவர்கள் தங்களுக்குள் மதிப்பெண்ணைக் கேட்டுக்கொண்டார்கள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு. ஒரு பையன் என் பக்கம் திரும்பினான். "அறுபத்திரண்டு" என்றேன். அவன் தொண்ணூற்றிரண்டு என்று கேட்டுக்கொண்டு தலையாட்டினான். "அறுபத்திரண்டு" என்று இன்னொரு முறை தெளிவாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாதி பயம் போய்விட்டது.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியை. ஒரு பக்கம் இளம் பேராசிரியர், மறுபக்கம் ஏதோ நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. பெரியவர்தான் தொடங்கினார்.

"இன்று இந்த அறைக்கு வருகிறவர்களில் மதிப்பெண் மிகக் குறைவு உங்களுக்குத்தான். தெரியுமா?"

"தெரியாது சார். ஆனால் ஆச்சரியமாக இல்லை."

"எங்கள் படிப்பில் முதல் வருடம் முழுக்க எண்கள்தான். நீங்கள் தாக்குப்பிடிப்பீர்கள் என்று நாங்கள் எதை வைத்து நம்புவது?"

"என் வேகத்தை வைத்து நம்ப முடியாது சார். நான் மெதுவாகத்தான் கணக்குப் போடுவேன். போட்டு முடித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தத் தேர்வு வேகத்தைக் கேட்டது. என் வேலை அதைக் கேட்கவில்லை."

இளம் பேராசிரியர் என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். "சரி, உங்கள் வேலையிலிருந்தே கேட்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஆறு லாரி வருகிறது. உங்களால் எட்டு லாரி இறக்க முடியும். வருவதைவிட இறக்குவது அதிகம். அப்படியானால் வரிசை ஏன் உருவாகிறது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கேள்வியை நான் வெயிலில் நின்று எனக்கு நானே கேட்டிருந்தேன்.

"மணிக்கு ஆறு என்பது சராசரி சார். லாரிகள் சராசரியைப் பார்த்து வருவதில்லை. காலையில் பறித்து ஏற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். போன நேரம் போனதுதான். அதைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது."

"அப்படியானால் இன்னொரு எடைமேடை போட்டிருந்தால்?"

"காகிதம் தருகிறீர்களா?" என்று கேட்டு வாங்கினேன். வாசல், தரம் பார்க்கும் இடம், எடைமேடை, இறக்கும் மேடை என்று வரைந்தேன். எங்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று போட்டு, இரண்டாவது எடைமேடை வந்தாலும் வரிசை ஏன் அங்கேயேதான் நிற்கும் என்று கணக்கிட்டுக் காட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "ஒரு நிமிடம், இதைச் சரிபார்த்துக்கொள்கிறேன்" என்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பேராசிரியை எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று காகிதத்தைப் பார்த்தார். மழை வந்தால் என்ன செய்வீர்கள், சொன்ன நேரத்துக்கு வராத வண்டியை என்ன செய்வீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். முதலில் அப்படி வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பியதையும், அது எவ்வளவு பெரிய சண்டையில் முடிந்தது என்பதையும், பிறகு மதியத்தில் அவர்களுக்கென்று ஓர் இடைவெளி ஒதுக்கியதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த ஆள் காத்திருப்பதாக உதவியாளர் கதவைத் திறந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் தோழி ஓடி வந்தாள். "என்னாடி இவ்ளோ நேரம்? மத்தவங்கள்லாம் பத்து நிமிசத்துல வந்துட்டாங்க."

"லாரி படம் போட்டேன்."

"படமா?"

"ஆமா. நல்லாப் போட்டேன்."

கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். என்னைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அந்த அறையில் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் சீசனின் முதல் லாரிகள் வர ஆரம்பித்திருந்தன. எடைமேடை அருகில் நின்றபோது போன் அதிர்ந்தது. மின்னஞ்சலின் முதல் சொல்லே வாழ்த்துகள் என்றிருந்தது. அதற்கு மேல் படிக்க முடியாமல் கண் மங்கிவிட்டது. முன்னால் நின்ற லாரி ஓட்டுநர், "என்னாங்க மேடம், எடை போடலாமுங்களா?" என்று கேட்டார். "போடுங்க, போடுங்க" என்றேன். அவருக்கு எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் மாடிக்கு ஓடினேன்.

மேலாளர் மின்னஞ்சலை முழுவதும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப சேரணும்?"

"ஜூன்ல சார்."

"ஜூன்லயா? நடு சீசன்லயா?" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கடிதத்துல இந்தப் பொண்ணை வுட்டா எனக்குத்தான் நட்டம்னு எழுதினேன். அதையும் படிச்சிட்டு எடுத்திருக்காங்க பாரு" என்றார். மாடியிலிருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். குளிரூட்டிய அந்த அறையில் எல்லோரும் எழுந்து கை கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பா எடுத்தார். கிடைத்துவிட்டது என்றேன். மறுமுனையில் அம்மாவைக் கூப்பிடும் சத்தமும், அவர் போனைக் கீழே வைக்காமலே தோட்டத்துப் பக்கம் நடக்கும் சத்தமும் கேட்டன. "கெடச்சிருச்சாமா" என்று யாரிடமோ சொன்னார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனால், கோயில் வாசலில் எனக்கு முன்னாலேயே எல்லோருக்கும் சேதி தெரிந்திருந்தது. தோழிக்குப் போனில் சொன்னேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் ஒரு புது ஜோடி ஷூவோடு. "அங்க போயி செருப்புப் போட்டுட்டுத் திரியாத" என்றாள்.

ஜூனில் தருமபுரியிலிருந்து ரயில் ஏறினேன். முதல் பருவம் நேர்காணலில் பெரியவர் சொன்ன மாதிரியே இருந்தது. எண்கள், எண்கள், மேலும் எண்கள். வகுப்பில் பலர் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார்கள். நான் அவர்களோடு ஓடப் பார்க்கவில்லை. முந்தைய நாளே அடுத்த பாடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவேன். போகப் போக, என் குழுவில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் என்னிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். தப்பு இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பருவத் தேர்வு முடிவு ஒரு நாள் காலை உணவு நேரத்தில் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன். புள்ளியியலில் வகுப்பின் மேல் பாதியில் இருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கன்வாடிக் குழந்தைகளின் சத்தம் பின்னால் கேட்டது.

"அம்மா, ரிசல்ட் வந்துருச்சு."

"பாஸாயிட்ட."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல போன் பண்ற. நல்ல சேதின்னாதான் நீ காலைல பண்ணுவ. இல்லாட்டி சாயந்தரம் வரைக்கும் மனசுலயே வெச்சிருந்துட்டுத்தான் சொல்லுவ." பிறகு யாரோ ஒரு குழந்தையை அதட்டிவிட்டு, "சாப்டியா?" என்றாள்.

"பாதிலதான் எந்திரிச்சு வந்தேன்."

"போயி மீதியச் சாப்புடு. நான் அப்பாகிட்டச் சொல்லிக்கறேன்."

உள்ளே போனேன். இட்லி ஆறிப்போயிருந்தது. சூடாக இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு, என் குழுவினர் இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.